‘ஹார்ஸ்’ எப்படி ‘ஹவுஸ்’ ஆனது?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறான். ஆங்கிலப் பாடப் புத்தகத்தைக் கடகடவென்று படிக்கிறான். ஆனால் வேறு எந்தக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தாலும் இரண்டு வரியைத் தாண்டுவதில்லை. ‘ஹார்ஸ்’ என்று இருந்தால் ‘ஹவுஸ்’ என்கிறான், திருத்தினால் அழுகை. தமிழ் நன்றாகவே படிப்பான். இந்தக் கோடை விடுமுறையில் எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று தடியான விடுமுறைப் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கி, தினம் இரண்டு மணி நேரம் என்று அட்டவணை போட்டேன். நான்கே நாளில் அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறான். எனக்கும் ஆங்கிலம் சுமார்தான். என் உச்சரிப்பைக் கேட்டு அவனும் தப்பாகப் பழகிவிடுவானோ என்று பயம். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த இரண்டு மணி நேரத்தை இருபது நிமிடமாக்குங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குத் துப்புக் கொடுத்தது அந்த ‘ஹார்ஸ்’தான். இரண்டு சொல்லுக்கும் ஐந்து எழுத்து. முதல் இரண்டு ஒன்று, கடைசி இரண்டு ஒன்று. நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. உங்கள் மகன் தலையையும் வாலையும் பார்த்துவிட்டு, நடுவை மனதிலிருந்து நிரப்புகிறான். பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கும் எனக்கு இது தினமும் காணும் காட்சி. பாடப் புத்தகத்தை அவன் கடகடவென்று படிப்பதும் இதே கதைதான். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கோரஸாகப் பலமுறை சொன்ன பாடம் காதில் ஏறிவிட்டது; கண்ணுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

நான் சொல்வது சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். அவன் நன்றாகப் படிக்கும் பாடத்தில் நடுவே ஒரு வரியை எடுத்து, கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கிப் பின்னால் படிக்கச் சொல்லுங்கள். விளையாட்டு மாதிரி சொல்லுங்கள், பரீட்சை மாதிரி வேண்டாம். எழுத்தைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு இது கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். நினைவிலிருந்து சொல்கிற பிள்ளை முதல் சொல்லிலேயே நின்றுவிடுவான்.

அடுத்தது, அர்த்தமே இல்லாத சொற்கள். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வாசிப்புச் சோதனை வைக்கிறார்கள். மொத்தம் 40 சொல். அதில் 20 உலகத்தில் எங்கும் இல்லாத சொல். மனப்பாடம் அங்கே செல்லாது என்பதுதான் விஷயம். நீங்களும் ஒரு தாளில் ஏழெட்டு எழுதுங்கள். என், ஈ, எம் என்று எழுதினால் ‘நெம்’. எஸ், என், ஐ, எம் என்றால் ‘ஸ்னிம்’. எல், ஐ, எஃப் என்றால் ‘லிஃப்’. இந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: ஊகிக்கிற பிள்ளை யோசிக்காமல் ‘லைஃப்’ என்று சொல்லிவிடுவான். இதெல்லாம் வேற்றுக்கிரகவாசிகளின் பெயர்கள் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குக் குஷி. அந்தத் தாளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது, அவன் திணறுகிற கதையில் ஒரு பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன நடந்தது என்று தமிழிலேயே கேளுங்கள். கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. கேட்டாலும் புரியவில்லை என்றால் அவனுக்கு ஆங்கிலச் சொற்களே போதவில்லை. 1986-இல் கஃப், டன்மர் என்ற இருவர் இதை ஒரு சின்னக் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழி புரியும் திறனால் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் போடவில்லை, பெருக்கல் போட்டார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தானே! அதனால்தான் எது குறைவு என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதில் பயனில்லை என்கிறேன்.

தமிழை நன்றாகப் படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய ஆறுதல், ஆனால் அவன் குழம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழில் 247 எழுத்து என்றாலும் ஓர் எழுத்தைக் கற்றால் அது கிட்டத்தட்ட சொன்ன சொல் கேட்கும். ஆங்கிலத்தில் 26 எழுத்து, சுமார் 44 ஒலி. பற்றாக்குறை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரே ‘ஏ’ எழுத்து ‘கேட்’ என்ற பூனையில் ஒரு மாதிரி, ‘கேக்’கில் வேறு மாதிரி, ‘கார்’ என்பதில் இன்னொரு மாதிரி ஒலிக்கிறது. போதாததற்கு எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி ஒன்று. ‘டபிள்யூ’ என்ற பெயரை எத்தனை முறை சொன்னாலும் அதில் ‘வாட்டர்’ என்ற சொல்லின் முதல் ஒலி வராது. தமிழில் ‘க’வின் பெயரும் ‘க’தான். ஏ, பி, சி, டி பாட்டை முழுதாகப் பாடத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இருப்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதும்போதே பாருங்கள்: பந்துக்கு வரும் ‘பி’யையும் பேனாவுக்கு வரும் ‘பி’யையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டிலும் குழப்பம் வந்தால் கவனக்குறைவு என்று திட்ட வேண்டாம். உள்ளங்கையை உதட்டுக்கு முன்னால் வைத்து இரண்டையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பேனாவின் ‘பி’க்கு அழுத்திச் சொன்னால் கையில் காற்று நன்றாகப் படும்.

சரி, ஊகத்துக்கு வருவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சொல் தெரியாவிட்டால் படத்தைப் பார், வாக்கியத்தைப் பார், என்னவாக இருக்கும் என்று யோசித்துச் சொல் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1967-இல் கென்னத் குட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வாசிப்பை ஓர் ஊக விளையாட்டு என்றே வர்ணித்தார். அந்த எண்ணம் பல நாடுகளின் வகுப்பறைகளில் வெகுகாலம் ஓடியது. பிறகு வாசிப்பவரின் கண் எங்கெங்கே நிற்கிறது என்று கருவி வைத்துப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. நன்றாகப் படிப்பவர்கள் பெரும்பாலான சொற்களில் கண் வைத்துத்தான் போகிறார்கள். சொல்லைத் தெரிந்துகொள்ள ஊகத்தையே அதிகம் நம்புகிறவர்கள் படிக்கத் திணறுகிறவர்கள்தான்.

எனக்கே இது உறைத்தது ஒரு சிறுவனால். பஸ் வந்து நிற்கும் இடத்தைப் பற்றிய கதை. ‘ஸ்டாப்’ என்று அச்சாகியிருந்த இடத்தில் அவன் ‘ஷாப்’ என்று படித்தான். பஸ் கடைக்கு வந்தது என்று வாக்கியமும் பொருந்தியது. அவனுக்கும் சந்தேகம் வரவில்லை, பாதித் தூக்கத்தில் இருந்த எனக்கும் வரவில்லை. இரண்டு பக்கம் தள்ளி, எல்லோரும் ஏன் கடைக்குள் போகாமல் வெயிலில் நிற்கிறார்கள் என்று அவன் கேட்ட பிறகுதான் திரும்பிப் போய்ப் பார்த்தோம். பொருந்தாத ஊகத்தைப் பிள்ளையே பிடித்துவிடுவான். பொருந்துகிற ஊகம்தான் மாட்டாமல் தப்பித்துப் பழக்கமாகிறது.

இதற்கு என் கையில் உள்ள சாமான் ஒரு துண்டு அட்டைதான். விசிட்டிங் கார்டு அளவு போதும். அவன் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் அது விசாரணை. சரளமாகப் போகும்வரை அட்டைக்கு வேலை இல்லை. ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெற்றோருக்கு இதுதான் சிரமம், இரண்டு எண்ணுவதற்குள் சொல்லிவிடுவோம். அப்புறமும் வரவில்லை என்றால் அட்டையால் சொல்லை மூடி, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். ‘ஸ்டாப்’ என்றால் முதலில் ‘ஸ்’ தெரியட்டும், அவன் சொல்லட்டும். பிறகு ‘ட்’. இரண்டையும் சேர்த்து ‘ஸ்ட்’. பிறகு நடு உயிர், பிறகு கடைசி எழுத்து. அந்தக் கடைசி எழுத்துவரை கண் போக வேண்டும், அதற்காகத்தான் அட்டை. எழுத்தின் பெயரைச் சொல்ல விடாதீர்கள், ஒலியை மட்டும் சொல்லட்டும். ‘எஸ்-டி-ஓ-பி’ என்று ஆயிரம் முறை சொன்னாலும் அதிலிருந்து ‘ஸ்டாப்’ வராது.

சொல் கிடைத்ததும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். அர்த்தம் அறுந்த இடத்தில் முடிச்சுப் போடுவதற்காக. இரண்டு முறை முயன்றும் வரவில்லையா, நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். தப்பாகப் படித்தால் ‘தப்பு’ என்று குறுக்கிட வேண்டாம். வாக்கியம் முடியட்டும், பிறகு அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, ‘இதை மட்டும் இன்னொரு தடவை பாரு’ என்றால் போதும். அழுகை பெரும்பாலும் நாம் திருத்துகிற வேகத்தினால் வருவது.

தினமும் ஐந்து நிமிடம் ஒலிகளுக்கு. மூன்று எழுத்துச் சொற்களில் தொடங்குங்கள், அவனுக்குச் சுலபமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு எஸ்ஸும் எச்சும் சேர்ந்தால் ‘ஷ்’, சியும் எச்சும் சேர்ந்தால் ‘ச்’ என்பவை. பிறகு ‘ஸ்ட்’, ‘ப்ள’, ‘ட்ர’ மாதிரி கூட்டு ஒலிகள். ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்று சொல்லும் வழக்கம் இருந்தால் இங்கே கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும். அதன் பிறகு, வாய் திறக்காத கடைசி ‘ஈ’. ‘ஃபின்’ என்பதன் கடைசியில் ஓர் ‘ஈ’ சேர்த்தால் ‘ஃபைன்’, ‘கிட்’ என்பதில் சேர்த்தால் ‘கைட்’. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் இடறுவது இங்கேதான் என்பது என் அனுபவம். ‘லிஃப்’பை ‘லைஃப்’ என்று உங்கள் மகன் படித்திருந்தால், இந்த ஓர் ‘ஈ’க்கே ஒரு வாரம் கொடுங்கள். இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வருபவையும், ‘ஹார்ஸ்’ மாதிரி உயிருக்குப் பின் ‘ஆர்’ வருபவையும் கடைசியில். எல்லாவற்றையும் இந்த விடுமுறையிலேயே முடித்தாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

எந்த விதிக்கும் அடங்காத சொற்கள் இருக்கத்தான் செய்கின்றன. ‘வாஸ்’, ‘செட்’, ‘தே’ போன்றவை. அடிக்கடி வருவதால் இவற்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். எட்வர்ட் டால்ச் என்பவர் 1936-இலேயே இப்படி அடிக்கடி வரும் 220 சொற்களைப் பட்டியல் போட்டார், இன்றும் பல பள்ளிகளில் அதுதான் சுவரில் தொங்குகிறது. பட்டியலை அப்படியே உருப்போட வைக்காதீர்கள். ‘சொன்னான்’ என்று பொருள்படும் ‘செட்’ (எஸ், ஏ, ஐ, டி) என்பதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கின்றன, நடுவில் இருக்கும் இரண்டுதான் ஏமாற்றுகின்றன. ஏமாற்றும் எழுத்தை மட்டும் கலர் பென்சிலால் வட்டமிட்டால் முக்கால் சுமை குறையும். நாளைக்கு இரண்டு சொல் போதும்.

ஏன் இப்படி என்று பிள்ளை கேட்டால் சமாளிக்க வேண்டாம். ‘நைட்’ என்றால் குதிரை வீரன், அதன் முதலில் ஒரு ‘கே’ சும்மா நிற்கிறது. ஒரு காலத்தில் அந்த ‘கே’யை வாய்விட்டுச் சொன்னார்கள். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து ஓரிடத்தில் உறைந்தது, பேச்சு மட்டும் நகர்ந்துகொண்டே போனது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். தப்பு தன்மேல் இல்லை, அந்த ‘கே’யின் மேல்தான் என்று தெரிந்தால் ஒரு நிம்மதி.

இப்போது புத்தகம். பெற்றோர் செய்யும் பெரிய தவறு இங்கேதான் என்று எனக்குப் படுகிறது: வயதுக்கேற்ற புத்தகம் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்குவது. அந்த வயது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைக்கு. 2000-இல் ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களை வைத்துப் பார்த்தபோது, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்கச் சுமார் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பக்கத்துக்கு இரண்டு மூன்று வரை தாங்கும். ஐந்தைத் தாண்டினால் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள், அடுத்த ஆண்டு எடுக்கலாம்.

சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்று அவன் முகம் சுளிப்பான். மூன்றாம் வகுப்புக்கு மானம் அதிகம். அதற்கு ஒரு வழி, வேறொரு சின்னக் குழந்தைக்கு வாசித்துக் காட்டப் பயிற்சி என்று சொல்லிக் கொடுப்பது. அப்போது எளிய புத்தகம் படிப்பது அவமானமாக இல்லாமல் பொறுப்பாகிவிடுகிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை 1, 2 என்று பிரித்து இலவசமாகக் கதைகள் இருக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். அப்படி ஒன்றை எடுத்து முதலில் தமிழில் படிக்கட்டும், பிறகு ஆங்கிலத்தில். கதை முன்பே தெரிந்திருப்பதால் மூளை முழுவதும் எழுத்துக்குக் கிடைக்கும். தமிழில் படித்தால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு புத்தகத்தை ஒரே முறை படித்துவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டாம். நேற்றுப் படித்த பக்கத்தை இன்று முதலில் படிக்கட்டும், நாளையும். 1979-இல் ஜே சாமுவல்ஸ் இந்த மறுவாசிப்பு முறையைப் பற்றி எழுதியதிலிருந்து, தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பரவலாகச் செய்யப்படுவதுதான் இது. மனப்பாடம் வேண்டாம் என்றவர் திரும்பத் திரும்பப் படி என்கிறாரே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். முதல் முறை எழுத்தை உடைத்துப் படித்த பக்கத்தை மூன்றாம் முறை சரளமாகப் படிப்பது வேறு. ஒரு முறைகூட எழுத்தைப் பார்க்காமல் காதால் பிடித்துச் சொல்வது வேறு. மூன்று நான்கு முறைக்கு மேல் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு சொல்லை விரலால் காட்டிக் கேளுங்கள், தெரிந்துவிடும்.

உங்கள் ஆங்கிலம் சுமார் என்ற கவலையை விடுங்கள். உங்களுக்கும் தெரியாத சொல் வந்தால் அது நல்ல சந்தர்ப்பம். ‘எனக்கும் தெரியலை, எழுத்தைப் பார்த்து நாம ரெண்டு பேரும் கண்டுபிடிக்கலாம்’ என்று சொல்லுங்கள். பிறகு போனில் உள்ள அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அமுக்கிச் சரிபார்க்கலாம். யார் சொன்னது சரி என்று பந்தயம் வைத்தால் பல நாள் அவன்தான் ஜெயிப்பான். உச்சரிப்பு வேறு, வாசிப்பு வேறு. உச்சரிப்பைப் பல குரல்களைக் கேட்டுப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். எழுத்தைப் பார்க்காமல் தாண்டும் பழக்கம் வயது ஏற ஏற இறுகும்.

செயலிகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரமும் பட்டாசும் தெறிக்கும் செயலிகளில் பிள்ளை நான்கு விடையில் ஒன்றைத் தொடுகிறான், படிப்பதில்லை. கார்ட்டூன் பார்த்தால் ஆங்கில வசனம் திரையில் ஓடும்படி வைத்துவிடுங்கள், அது போதும்.

கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் வாசிக்க வேண்டும், அவன் சும்மா கேட்க வேண்டும். ஆங்கிலமோ தமிழோ, அவன் தானாகப் படிக்க முடியாத அளவு பெரிய, சுவையான கதை. நடுவில் கேள்வி கேட்காதீர்கள். முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு நாளைக்கு என்று சொல்லுங்கள். கேட்டுப் புரிவது வளர்வது இங்கேதான், அந்தப் பெருக்கல் கணக்கின் மறுபாதி இது.

வாரத்துக்கு ஐந்து நாள். விருந்தாளி வந்த நாளும் ஊருக்குப் போன நாளும் விடுமுறைதான். விடுமுறையில் பிள்ளைகள் எல்லாம் மறந்துபோவார்கள் என்ற பேச்சைக் கேட்டுப் பயந்திருப்பீர்கள். 1996-இல் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குச் சறுக்கல் என்றார்கள். அதுவே எவ்வளவு தூரம் சரி என்று பின்னால் வந்தவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எப்படியானாலும் தினம் இருபது நிமிடம் படிக்கிற பிள்ளையைப் பற்றிய கவலை அது இல்லை.

ஆறு வாரம் இப்படிப் போன பிறகு, தேதி போட்டு வைத்த அந்த வேற்றுக்கிரகவாசிகள் தாளை எடுங்கள். கூடவே அதே மாதிரி புதிதாக எட்டுச் சொல். முன்பைவிட இரண்டு மூன்று கூடுதலாக வந்தாலே நீங்கள் போகும் பாதை சரி. மூன்று எழுத்துச் சொல்லைக்கூட இன்னும் கூட்டிப் படிக்க முடியவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு, டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு பற்றி அறிந்த சிறப்புக் கல்வியாளரைப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதில் படிக்கச் சிரமம் இருந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். தமிழ் நன்றாகப் படிக்கிறான் என்பதால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே தோன்றுகிறது.

பயிற்சிப் புத்தகத்தை என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். காசு போட்டு வாங்கியது, தூக்கிப் போட மனம் வராது. அதன் பின்னட்டை நல்ல தடிமனாக இருக்கும். சொல்லை மூட அட்டை வேண்டுமே, அதிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டும் வேலையை அவனிடமே கொடுங்கள்.